மூன்று மாநிலச் சம்பளம், ஒரே ஒரு கிளெய்ம்

2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு என் வேலை போனது. புராஜெக்டை நிறுத்திவிட்டார்கள், இன்றுதான் கடைசி நாள் என்று கன்சல்டன்சியிலிருந்து பேசியவர் சொன்னார். அழைப்பை முடிக்கும்போது, "நீங்க டெக்ஸாஸ்ல அன்எம்ப்ளாய்மெண்ட் அப்ளை பண்ணிடுங்க, உங்க சம்பளக் கணக்கு அங்கேதான் இருக்கு" என்றார். வேலை போனவர்களுக்குக் கிடைக்கும் வேலையிழப்புப் பணத்தைத்தான் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். நான் இருந்தது நியூ ஜெர்சியில், எடிசனில். ஐந்து மாதத்துக்கும் மேலாக அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன். அப்புறம் எப்படி என் சம்பளக் கணக்கு டெக்ஸாஸில் இருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், க்ரீன் கார்டு உண்டு. 2023 மார்ச் வரை ஃப்ளோரிடாவில் டாம்பாவில் ஒரு ஒப்பந்த வேலை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை டெக்ஸாஸில் பிளேனோவில், வேறொரு கன்சல்டன்சி வழியாக. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் என் புராஜெக்ட் போன ஊருக்கெல்லாம் குடும்பமும் கூடவே வந்தது. அந்த ஆகஸ்டில் அவருடைய அலுவலகம் எல்லோரையும் நியூ ஜெர்சிக்கு வரச் சொன்னது. பெண்ணின் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எடிசனுக்கு வந்துவிட்டோம். அதே கன்சல்டன்சி எனக்கு வேறொரு புராஜெக்ட் கொடுத்து, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றது. லேபர் டே முடிந்த மறுநாள், செப்டம்பர் 5, எடிசன் வீட்டில் வேலையைத் தொடங்கினேன்.

இந்தத் தேதிகளையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வேலையிழப்புப் பணம் என்பது ஒரே நாட்டின் ஒரே திட்டம் மாதிரி தெரியும், ஆனால் அப்படி இல்லை. 1935-ல் வந்த சோஷியல் செக்யூரிட்டி சட்டம் அதற்கு ஒரு சட்டகத்தைக் கொடுத்தது. பணத்தை வசூலிப்பது, விதி போடுவது, எத்தனை வாரம், எவ்வளவு என்று முடிவு செய்வது எல்லாம் அந்தந்த மாநிலம்தான். ஒரே ஊரில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நம்மைப் போல் புராஜெக்ட் பின்னால் ஊர் ஊராகப் போகிறவர்களுக்குத்தான் இது தலையெழுத்து மாதிரி.

அன்று இரவு டெக்ஸாஸ் தளத்தைத் திறந்து பாதிப் படிவத்தை நிரப்பியும்விட்டேன். சமர்ப்பிக்காமல் நிறுத்தியது பக்கத்து அபார்ட்மெண்ட் அக்கா. பதினைந்து வருடமாகச் சம்பளப் பட்டுவாடா வேலை பார்க்கிறவர். சனிக்கிழமை காலை காபி எடுத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் பே-ஸ்டப்பைக் காட்டு."

பார்த்தோம். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை எல்லாச் சம்பளச் சீட்டிலும் வேலை மாநிலம் டெக்ஸாஸ் என்றுதான் இருந்தது. நியூ ஜெர்சியில் வேலை பார்ப்பவரின் பே-ஸ்டப்பில் அன்எம்ப்ளாய்மெண்டுக்கும் குடும்ப விடுப்புக்கும் சின்னச் சின்னத் தொகை பிடித்திருப்பார்கள். தொழிலாளியிடமிருந்தும் இதற்குப் பிடித்தம் செய்கிற மாநிலங்கள் மூன்றுதான்: நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்கா. மற்ற இடங்களில் முழுக்க முதலாளி கட்டுவது. என் தாளில் அந்த வரிகளும் இல்லை, நியூ ஜெர்சி வருமான வரியும் இல்லை. டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் கையில் கொஞ்சம் கூடுதலாக வந்ததை நான் கவனிக்கவே இல்லை. வீடு மாறியதும் கன்சல்டன்சிக்கு முகவரி மாற்றம் அனுப்பியிருந்தேன், அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவர்கள் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு மாநிலத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

"யார் எந்த மாநிலத்துக்குக் கட்டணும்னு ஒரு வரிசை இருக்கும்மா," என்றார் அக்கா. "முதல்ல, வேலை எங்க நடக்குது? ஒரே மாநிலத்துல நடந்தா அதோட சரி, வேற கேள்வியே இல்ல. பல மாநிலத்துல நடந்தாத்தான், எந்த இடத்தை மையமா வச்சு வேலை செய்யறன்னு பார்ப்பாங்க. அப்புறம் எங்கேருந்து உனக்கு உத்தரவு வருதுன்னு. கடைசியாத்தான் நீ குடியிருக்கற இடம். கம்பெனி ஆபீஸ் எங்க இருக்குங்கறது உன் விஷயத்துல வராது. நீ இந்த மேஜைல உக்காந்து வேலை பார்த்த. அது நியூ ஜெர்சி."

அதனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அவர் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் வாரத்துக்கு அதிகபட்சமாக ஃப்ளோரிடாவில் 275 டாலர், டெக்ஸாஸில் 577, நியூ ஜெர்சியில் 854. என் சம்பளத்துக்கு மூன்றிலும் உச்சவரம்புதான் வரும். ஃப்ளோரிடாவில் அப்போது 12 வாரம்தான், ஆக மொத்தம் 3,300 டாலர். டெக்ஸாஸில் 26 வாரம், 15,002. நியூ ஜெர்சியில் 26 வாரம், 22,204. அதே உழைப்பு, அதே ஆள். எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கிறேன் என்பதில் மட்டும் டெக்ஸாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே 7,202 டாலர் வித்தியாசம்.

இங்கேதான் ஒருங்கிணைந்த சம்பளக் கிளெய்ம் என்ற ஏற்பாடு வருகிறது. கம்பைண்ட் வேஜ் கிளெய்ம் என்பார்கள். பல மாநிலங்களில் சம்பாதித்ததை எல்லாம் ஒரே மாநிலத்தின் கீழ் சேர்த்து, அந்த மாநிலத்தின் விதிப்படி பணம் வாங்கலாம். மற்ற மாநிலங்கள் தங்கள் பங்கைப் பின்னால் அந்த மாநிலத்துக்குக் கொடுத்துவிடும், அது அவர்களுக்குள் நடக்கும் கணக்கு. ஆனால் நினைத்த மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2009 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிப்படி, அடிப்படைக் காலத்தில், அதாவது எந்தக் காலத்துச் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கிறார்களோ அதில், உங்களுக்குச் சம்பளப் பதிவு இருக்கிற மாநிலமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் குடியிருந்தால் மட்டும் போதாது. சேர்ப்பதென்றால் எல்லா மாநிலத்தையும் சேர்க்க வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது.

அடிப்படைக் காலம் என்பதை நான் தப்பாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். கடைசியாகப் பார்த்த வேலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று நினைத்தேன். வருடத்தை மூன்று மூன்று மாதமாகப் பிரித்து, முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை எடுக்கிறார்கள். பிப்ரவரி 2024-ல் விண்ணப்பித்தால் 2022 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் வரை. என் கடைசி நாலரை மாத உழைப்பு அதற்குள் வரவே இல்லை. நியூ ஜெர்சியில் நான் பார்த்ததில் அந்த 2023 செப்டம்பர் மட்டும், நாலு வாரம்கூட முழுதாக இல்லை. ஆனால் அந்த நாலு வாரம்தான் எனக்கு நியூ ஜெர்சியின் கதவைத் திறக்கும் சாவி. செப்டம்பர் 5-க்குப் பதில் அக்டோபர் 5-ல் சேர்ந்திருந்தால், பிப்ரவரியில் அந்தக் கதவு இப்படித் திறந்திருக்காது. ஏப்ரல் முதல் தேதி வந்தால் காலாண்டு நகரும், அப்போது கதை வேறு. இதனால்தான் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னால் காலண்டரைப் பார்க்கச் சொல்கிறேன். காலாண்டு முடிய ஒரு வாரமே இருந்தால், இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் சும்மா தள்ளிப்போடக் கூடாது. கிளெய்ம் என்பது விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குவது, போன வாரங்கள் போனதுதான்.

இன்னொரு வழியும் இருந்தது. மற்ற மாநிலங்களைச் சேர்க்காமல், மாற்று அடிப்படைக் காலம் என்று 2023-ன் நான்கு காலாண்டுகளை வைத்து நியூ ஜெர்சிச் சம்பளத்தை மட்டும் காட்டுவது. 2024-ல் அங்கே தகுதிக்கு 20 வாரம் தலா 283 டாலராவது, இல்லையென்றால் மொத்தம் 14,200 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். மொத்தத் தொகையில் நான் தேறிவிடுவேன். ஆனால் நியூ ஜெர்சியில் எத்தனை வாரம் வேலை பார்த்தோமோ அத்தனை வாரம்தான் பணம், உச்சம் 26. எனக்கு 17 வாரத்தோடு நின்றிருக்கும். சேர்த்தால் 26. சேர்ப்பதுதான் சரி என்று முடிவுக்கு வந்தோம்.

திங்கள் பிரசிடெண்ட்ஸ் டே விடுமுறை. செவ்வாய்க்கிழமை நியூ ஜெர்சியில் விண்ணப்பித்தேன். கடந்த 18 மாதங்களில் வேறு மாநிலத்தில் வேலை பார்த்தீர்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்று கொடுத்து, ஃப்ளோரிடா, டெக்ஸாஸ் முதலாளிகளின் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதினேன். சிலர் சுலபமாக முடியட்டும் என்று இந்த இடத்தில் இல்லை என்று போட்டுவிடுகிறார்கள். சம்பளம் கணக்கில் வராமல் போவதற்கு அதுவே முதல் காரணம்.

அப்பாவிடம் அன்று இரவு சொன்னேன். கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் இருந்தவர். "கவர்மெண்ட் கிட்ட கை நீட்டணுமாம்மா? மாப்பிள்ளை சம்பாதிக்கிறாரே," என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, நம் வீடுகளில் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். எனக்கும் படிவம் நிரப்பும்போது கூச்சமாக இருந்தது. இது உதவித்தொகை இல்லை அப்பா, நான் வேலை பார்க்கப் பார்க்க என் பேரில் கட்டிய இன்சூரன்ஸ், வண்டி இடித்தால் இன்சூரன்ஸ் கேட்கிற மாதிரி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பிரீமியம் சரியாக் கட்டியிருக்காங்களா பாரு" என்றார். அவர் வங்கி மனிதர், பிரச்சினையின் வேரை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

பத்து நாளில் நியூ ஜெர்சியிலிருந்து சம்பளக் கணக்குத் தாள் வந்தது. நியூ ஜெர்சியில் சம்பளம்: பூஜ்யம். தகுதியில்லை.

எதிர்பார்த்ததுதான் என்றாலும் அந்தத் தாளைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. இந்தத் தாள் வந்தவுடன் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது தீர்ப்பு இல்லை. முதலாளி என்ன எழுதிக் கொடுத்தாரோ அதன் நகல்தான். தப்பாக இருந்தால் அதில் போட்டிருக்கும் கெடு தேதிக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். நான் அனுப்பியவை: ஒவ்வொரு பே-ஸ்டப்பும், எடிசன் வீட்டு லீஸ், பெண்ணின் பள்ளிச் சேர்க்கைக் கடிதம், இன்டர்நெட் பில், "இனி நீங்கள் எடிசனிலிருந்து வேலை பார்க்கலாம்" என்று கன்சல்டன்சி அனுப்பிய மின்னஞ்சல். எல்லாவற்றையும்விட உதவியது ஒரு சின்ன விஷயம். புது புராஜெக்டுக்கான லேப்டாப்பை அவர்களே எடிசன் முகவரிக்குக் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெட்டியின் லேபிளைப் பெண் கைவினைப் பாடத்துக்காக எடுத்துவைத்திருந்தாள். தேதியும் முகவரியும் அதில் அச்சாகவே இருந்தது.

கன்சல்டன்சிக்கும் எழுதினேன். முதலில், எந்த மாநிலமாக இருந்தால் என்ன, பணம் எங்கேயாவது கிடைக்கும் என்று பதில் வந்தது. கோபம் வந்தது, ஆனாலும் கோபத்தை எழுதவில்லை. எந்தத் தேதியிலிருந்து எங்கே வேலை பார்த்தேன், அதற்கு என்ன ஆதாரம், இரண்டு மாநிலத்திலும் திருத்திய அறிக்கை கொடுக்க வேண்டும், வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தையும் திருத்தித் தர வேண்டும் என்று நாலே வரி. மாநிலத்திலிருந்து விசாரணைக் கடிதம் போன பிறகுதான் அவர்கள் திருத்தினார்கள். நியாயம் என் பக்கம் இருந்தது, தாளும் கையில் இருந்ததால்தான் அந்த நியாயம் எடுபட்டது.

இந்த இடைவெளியில் நான் செய்த ஒரு காரியத்தை எல்லோருக்கும் சொல்வேன். பணம் வராவிட்டாலும் வாராவாரம் சர்ட்டிஃபை செய்துகொண்டே இருந்தேன். வேலை செய்யத் தயாராக இருந்தேனா, தேடினேனா, ஏதாவது சம்பாதித்தேனா என்று கேட்கும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத வாரத்துக்கு, பின்னால் தகுதி கிடைத்தாலும் பணம் கிடைப்பது பெரும் பாடு. கிளெய்மே நிலுவையில் இருக்கிறதே, எதற்கு என்று விட்டுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஐந்து வாரம் போயிற்று அவருக்கு. எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன், யாரிடம் பேசினேன் என்று ஒரு நோட்டிலும் எழுதிவைத்தேன்.

தமிழ்ப் புத்தாண்டு முடிந்து இரண்டாம் நாள், ஏப்ரல் 16, எட்டு வாரப் பணம் சேர்ந்து வந்தது. மொத்தம் 6,832 டாலர், அதில் மத்திய வருமான வரிக்கு 10 சதவீதம் பிடித்தது போக கைக்கு வந்தது 6,148 டாலர் 80 சென்ட். இந்தப் பிடித்தம் நாமே கேட்டால்தான் உண்டு, கேட்டுவிடுவது நல்லது. இந்தப் பணத்துக்கு மத்திய வரி உண்டு, அடுத்த ஜனவரியில் 1099-ஜி என்று ஒரு தாள் வரும். நியூ ஜெர்சி தன் வரியில் இதைச் சேர்ப்பதில்லை. ஆனால் பிடிக்காமல் விட்டிருந்த மாநில வருமான வரியை ஏப்ரல் 15-க்குள் மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்தது. முதலாளி மாநிலத்தைத் தப்பாகப் போட்டால் அது இந்தப் பக்கமும் வந்து நிற்கும்.

மே மாதம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மே 12 கிளம்பி 24-ம் தேதி திரும்பினேன். உறவுக்காரர் ஒருவர், "பாஸ்வேர்டை மாப்பிள்ளைகிட்ட குடுத்துட்டுப் போ, அவர் கிளிக் பண்ணிடுவார்" என்றார். நிறையப் பேர் செய்வதாகவும் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும்போது இங்கே வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்று சொல்ல முடியாது, அது பொய். நியூ ஜெர்சியில் பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதோடு 25 சதவீதம் அபராதம், மேலே தகுதியிழப்பு. இத்தனைக்கும் அந்த இரண்டு வாரப் பணம் எங்கேயும் போய்விடாது. மொத்தத் தொகை 52 வாரத்துக்குள் வாங்கிக்கொள்ள உங்கள் பேரில்தான் இருக்கும். ஊரில் இல்லாத வாரத்தைக் கேட்காமல் விட்டேன். வந்ததும் கிளெய்மைத் திரும்பத் திறந்தேன்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் நிலை வேறு. வேலை போனதிலிருந்து 60 நாள் அவகாசம், விசா ஒரு முதலாளியோடு கட்டுண்டது என்பதால் யாரிடமும் உடனே வேலைக்குச் சேரத் தயார் என்று காட்டுவது கடினம். நம்மை நம்பி விண்ணப்பித்து, நாளைக்கு அவர்களுக்குச் சிக்கல் வரக் கூடாது. குடிவரவு வக்கீலிடம் பேசாமல் அவர்கள் படிவத்தைத் தொடக் கூடாது என்றே சொல்கிறேன்.

சேர்த்தது தப்பு என்று பின்னால் தோன்றினால் மாற்ற முடியுமா என்றும் கேட்கிறார்கள். சம்பளக் கணக்குத் தாளுக்கு மேல்முறையீடு செய்ய இருக்கும் கெடுவுக்குள், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டால் சேர்த்த கிளெய்மை விலக்கிக்கொள்ளலாம். அந்தக் கெடு தாண்டினால் அந்த வருடம் முழுக்க அதே மாநிலம்தான்.

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை புது வேலையில் சேர்ந்தேன். 23 வாரப் பணம் வாங்கியிருந்தேன், மூன்று வாரம் பாக்கி இருந்தது. சேர்ந்த வாரத்துக்குக் கேட்கவில்லை. சம்பளம் கைக்கு வருவது பிறகுதான் என்றாலும் அந்த வாரம் வேலை பார்த்தாயிற்று. எந்த வாரம் சம்பாதித்தோம் என்பதுதான் கணக்கு, எந்த வாரம் பணம் வந்தது என்பதில்லை.

அலுவலகம் டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவில். ஐந்து நாளும் போக வேண்டும். இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே வருமான வரி ஒப்பந்தம் உண்டு, நியூ ஜெர்சியில் குடியிருப்பவர் பென்சில்வேனியாவில் வேலை பார்த்தால் வரி நியூ ஜெர்சிக்குத்தான். ஆனால் அன்எம்ப்ளாய்மெண்ட் இன்சூரன்ஸ் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அது வேலை நடக்கிற இடத்துக்கே போகும். முதல் பே-ஸ்டப் வந்த அன்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, இருவருமாக உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். வருமான வரி, நியூ ஜெர்சி. வேலை மாநிலம், பென்சில்வேனியா. கடைசியில் ஒரு சின்ன வரி: பென்சில்வேனியா அன்எம்ப்ளாய்மெண்ட், இரண்டு வாரத்துக்கு 2 டாலர் 80 சென்ட்.

"சரியா இருக்கும்மா," என்றார் அக்கா. அதைப் படம் எடுத்து அப்பாவுக்கும் அனுப்பினேன்.